முதுகுக்கு யார் காவல்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கிறேன். பேச்சிப்பாறைக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் உண்டு. போன நவம்பரில் ஆன்லைனில் ஒரு ஹாமக் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் துணித் தூளி) வாங்கி, அங்கே ஓர் இரவு படுத்துப் பார்த்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது, முதுகு விறைத்துவிட்டது. கை கால் எல்லாம் கொசு மருந்து தடவி, மேலே வலையும் போட்டிருந்தேன். அப்படியும் காலையில் சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்கத் தடிப்பு. கயிறு வழியாக எறும்பு வேறு. இரண்டு மணிக்கே காருக்குள் போய்விட்டேன். பொங்கல் விடுமுறையில் மச்சினனும் என் பத்து வயது மகனும் கூட வருகிறேன் என்கிறார்கள். பையன் முன்னால் இன்னொரு தடவை காருக்கு ஓடக் கூடாது. என்ன செய்ய வேண்டும்? தோட்டத்துக்குப் பதில் காளிகேசம் பக்கம் காட்டுக்குள் கட்டினால் கொசு குறையுமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். காளிகேசம் வேண்டாம். அது வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் இரவு தங்குவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானை நடமாடும் இடத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே உங்களைப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிடுவது சட்டத்துக்கு முன்பே புத்திக்கு ஒத்துவராத வேலை. ஓடைக்கரைக் காட்டில் கொசு குறையும் என்பதும் கனவு. சொந்தத் தோட்டம் இருக்கிறது, வேலி இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கிறது. அதுவே போதும்.

இனி உங்கள் முதுகு. மாணவர்களையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முகாம் நடத்துவதுதான் பதினெட்டு வருடமாக என் தொழில். ஹாமக்கில் முதல் இரவு தோற்றவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலவே தோற்றிருக்கிறார்கள். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். மழை மேலே இருந்து வரும், கொசு மேலே இருந்து வரும் என்று வலையையும் டார்பாலினையும் மேலே கட்டுகிறார்கள். ஹாமக்கில் தூக்கம் போவது கீழே இருந்து. குளிர் கீழே இருந்து வருகிறது, கொசுவும் கீழே இருந்து வருகிறது.

கட்டிலில் படுத்தால் முதுகுக்கும் கொசுவுக்கும் நடுவே மெத்தையும் பலகையும் உண்டு. ஹாமக்கில் ஒற்றை நைலான் துணி மட்டும்தான். உங்கள் எடையில் அது இழுபட்டு, தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொசுவின் ஊசிக்கு அந்தத் துணி ஒரு தடையே இல்லை. சட்டையையும் சேர்த்துத் துளைத்துவிடும். இன்னொன்று, கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கே உங்கள் கை எட்டாது. நீங்கள் புரண்டால் அதுவும் கூடவே ஆடிக்கொண்டு வேலையைத் தொடரும். கடையில் ஹாமக்கோடு தைத்து வரும் வலைகளில் பாதிக்கு மேல் இந்தச் சங்கதியை மறந்தவை. முகத்துக்கு மேலே மட்டும் கூடாரம் மாதிரி ஜிப் வைத்துத் தைத்திருப்பார்கள், அடிப்பக்கம் திறந்த வீடு. உங்களுடையதும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு வழி சொல்கிறேன். ஆனால் கட்டுவது சரியாக இல்லாவிட்டால் கொசுவே இல்லாத ஊரிலும் தூங்க முடியாது. அதனால் முதலில் கயிறு.

நான் முதன்முதலில் ஹாமக் கட்டிய இரவில், துணி காயப்போடும் கொடி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினேன். தொய்வில்லாமல் இருந்தால்தானே சமமாகப் படுக்கலாம் என்பது என் கணக்கு. கட்டியது சாதாரண நைலான் கயிறு. நைலான் ஈரத்தில் இழுபடும் என்பது அப்போது தெரியாது. பனி இறங்க இறங்கக் கயிறும் இறங்கியது. நடுராத்திரியில் விழித்தபோது என் பின்புறம் தரையில் இருந்தது, காலும் தலையும் மட்டும் ஆகாயத்தில். கூட வந்த மாணவர்கள் அதைப் பல வருடம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஹாமக் தொய்வாகத்தான் தொங்க வேண்டும். மரத்தில் சுற்றிக் கட்டும் நாடாப் பட்டை தரைமட்டத்துக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். கோணமானி தேவையில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கையாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்கு ஒரு கோடு ஓடுவதாக நினைத்தால் அந்தச் சாய்வு கிடைக்கும். இதில் வசதி மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. 30 டிகிரியில் தொங்கும்போது 75 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கத்துப் பட்டையிலும் விழும் இழுவிசை 75 கிலோதான். 10 டிகிரிக்கு விறைப்பாகக் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 200 கிலோவைத் தாண்டிவிடும். ஹாமக் கிழிவதும் முடிச்சு அவிழ்வதும் எடையால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது விறைப்பு செய்கிற வேலை.

வாழைப்பழ வளைவுக்கு மருந்து ஒன்றே ஒன்று: நேராகப் படுக்காதீர்கள். கயிற்றுக்குக் கயிறு நேர்கோட்டில் படுத்தால் யாராக இருந்தாலும் வளையத்தான் வேண்டும். தலையை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாகவும் காலை எதிர்ப்பக்கமாகவும் தள்ளி, குறுக்காகப் படுங்கள். துணி விரிந்து கொடுக்கும், முதுகு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். இதற்குத் துணியில் நீளம் வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ள ஆளுக்குக்கூட 10 அடியாவது வேண்டும், 11 அடி இருந்தால் சுகம். சுற்றுலா ஊர்க் கடைகளில் இரண்டு முனையிலும் மரக்கட்டை வைத்து விற்கும் வலை ஹாமக் மத்தியானம் ஒரு மணி நேரம் புத்தகம் படிக்க நல்லது. அதில் ராத்திரி புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

அப்புறம் கால் பக்கத்தைத் தலைப் பக்கத்தைவிட ஒரு முக்கால் அடி உயர்த்திக் கட்டுங்கள். உடம்பில் கனம் இடுப்புக்கு மேல்தானே, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் ராத்திரி முழுக்கக் கால் பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போவீர்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். உட்காரும் உயரம் வீட்டு நாற்காலி அளவு, ஒன்றரை அடி. அதற்கு மேல் எதற்கு? விழுந்தால் வலிக்காத உயரமே நல்ல உயரம்.

இரண்டு முனைக்கும் நடுவே, ஹாமக்குக்கு மேலாக, ஒரு மெல்லிய கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். ஹாமக் நீளத்தில் நூற்றுக்கு 83 பங்கு என்பது பழகியவர்கள் கணக்கு. 11 அடி ஹாமக்குக்கு 9 அடி 1 அங்குலம். மரங்களின் தூரம் மாறினாலும் தொய்வு மாறாமல் இந்த மேல்கயிறு பார்த்துக்கொள்ளும். வலையும் டார்ச்சும் இதில்தான் தொங்கப் போகின்றன.

மரத்துக்கு வருவோம். 13 முதல் 15 அடி இடைவெளி வேண்டும். பல ரப்பர் தோட்டங்களில் வரிசைக்குள் மரத்துக்கு மரம் 10 அடி, வரிசைக்கு வரிசை 20 அடிக்கு மேல். ஒன்று போதாது, ஒன்று அதிகம். நடுவில் ஒரு மரம் பட்டுப்போய் இடைவெளி விழுந்த இடமோ, பழைய சதுர நடவோ இருந்தால் அதைத் தேடுங்கள். எல்லையில் அயினியோ பலாவோ நின்றால் இன்னும் நல்லது, ரப்பரைவிட உறுதி. ரப்பர் காற்றுக்கு முறியும் மரம். தொடை அளவுப் பருமன் இல்லாததில் கட்டாதீர்கள், மேலே காய்ந்த கொம்பு தொங்குகிறதா என்றும் பாருங்கள். தென்னையில் கட்டவே கூடாது. நம்மூர்க்காரருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் போன வருடம்கூடக் குலை தொங்கும் தென்னைக்கு நேர் கீழே ஒருவர் கட்டிப் படுத்திருந்ததைப் பார்த்தேன்.

கட்டுவதற்கு இரண்டு அங்குல அகலப் பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். கயிறு மரப்பட்டையை அறுக்கும். ரப்பர் மரத்தின் பட்டைதானே உங்கள் வருமானம். ஒட்டுக் கன்று மரத்தில் பால்வெட்டு ஆரம்பிப்பது 125 சென்டிமீட்டர் உயரத்தில், அங்கிருந்து கீழே இறங்கும். நீங்கள் பட்டை சுற்ற வேண்டிய இடம் ஐந்தரை அடி உயரம். வெட்டுக்கு மேலேயே வந்துவிடும், மரத்துக்கும் சேதமில்லை.

சரி, இனி அடிப்பக்கம்.

செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். வீட்டில் உள்ள ஒரு கெட்டியான பருத்திப் போர்வையை எடுத்து, நான்கு மூலையிலும் நாடா கட்டி, ஹாமக்குக்கு அடியில் இன்னொரு தொட்டில் மாதிரித் தொங்கவிடுங்கள். ஹாமக் துணியை அது தொடக் கூடாது. படுத்த பிறகு நடுவே மூன்று நான்கு விரல்கடை இடைவெளி இருக்க வேண்டும். கொசுவின் ஊசி இரண்டு மில்லிமீட்டர்தான். நான்கு விரல் தூரத்தை அது தாண்டாது. முதுகு விறைத்ததற்கும் இதே போர்வைதான் மருந்து. நம்மூரில் என்ன குளிர் என்று சிரிக்காதீர்கள். தரையில் படுத்தால் தரை சூட்டைக் கொஞ்சமாவது பிடித்துவைக்கும். ஹாமக்கில் ராத்திரி முழுக்க முதுகுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. 22 டிகிரி காற்றே போதும், மூன்று மணிக்குள் எழுப்பிவிடும். போர்வையை ஹாமக்குக்கு உள்ளே விரித்துப் படுத்தேனே என்பீர்கள். உடம்பு அழுத்தினால் போர்வைக்குள் காற்று நிற்காது, காற்று நிற்காத போர்வையில் சூடும் நிற்காது. அதனால்தான் வெளியே தொங்கவிடச் சொல்கிறேன்.

இரண்டு அடுக்குத் துணி உள்ள ஹாமக் கிடைத்தால், நடுவில் ஒரு யோகா விரிப்பைச் செருகிக்கொள்ளலாம். அதுவும் கொசுவைத் தடுக்கும், குளிரையும் தடுக்கும். என்ன, வேர்க்கும். தோள் பக்கத்தில் விரிப்பின் அகலம் பற்றாமல் போகும், அந்த ஓரத்தைக் கொசு கண்டுபிடித்துவிடும். எனக்குத் தொங்கும் போர்வைதான் பிடித்தது.

மூன்றாவது வழி, வலையையே பை மாதிரி முழுக்கச் சுற்றித் தைத்துவிடுவது. பையனுக்கு இதைத்தான் செய்யச் சொல்வேன். இரட்டைக் கட்டில் கொசுவலைகள் இரண்டு வாங்கி, தெரிந்த தையல்காரரிடம் கொடுங்கள். 12 அடி நீளம், சுற்றளவு 12 அடிக்குக் குறையாத ஒரு நீளக் குழாய், இரண்டு முனையிலும் சுருக்கிக் கட்ட நாடா, ஒரு பக்கத்தில் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் ஜிப் நாலடிக்கு. ஹாமக் மொத்தமும் அதற்குள் போய்விட வேண்டும். மேல்கயிறு அதை முகத்தில் விழாமல் தூக்கிப் பிடிக்கும். அளவு தாராளமாக இருந்தால் அடியில் வலை துணியை ஒட்டாமல் தளர்ந்து தொங்கும். அந்தத் தளர்வுதான் காவல். வலை தோலில் ஒட்டினால் அது வலையே இல்லை. குறுக்காகப் படுக்கும்போது முழங்கையும் முழங்காலும் பக்கத்து வலையில் இடிக்கும், அங்கே மட்டும் ஒரு துண்டைச் செருகி வையுங்கள்.

வலை வாங்கும்போது கண்ணியைப் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்ணி என்பது கொசுவுக்குப் போதுமான அளவு. மணக்குடி காயல், தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் மாதிரி இடங்களில் இது போதாது. அங்கே எள்ளில் பாதி அளவுக்கு ஒரு கடி ஈ உண்டு, கொசுவலைக்குள் நடந்தே வந்துவிடும். மணக்குடிப் பக்கம் ஒரு நண்பரின் தோப்பில் நான் பட்டதை இன்னும் என் கணுக்கால் மறக்கவில்லை. உங்கள் தோட்டம் மலையடிவாரம் என்பதால் சாதாரண வலை போதும்.

கொசுவைத் தடுப்பது ஒன்று, குறைப்பது இன்னொன்று. ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டையும் பிளாஸ்டிக் கப்பும்தான் கொசு வளர்க்கும் பண்ணை. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசுவில் ஒரு வகை, ஆசியப் புலிக்கொசு, இப்படிச் சின்னச் சின்னத் தேக்கத்தில் முட்டையிடுவதில் கைதேர்ந்தது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் நீங்கள் போகிற அன்று சிரட்டையைக் கவிழ்த்து ஒரு பயனும் இல்லை, பறக்கிற கொசு பறந்துகொண்டுதான் இருக்கும். பத்து நாள் முன்னாலேயே ஒரு நடை போய், வெட்டு இல்லாத மரங்களில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். விழுந்து கிடக்கும் கமுகம்பாளை, தேங்காய்த் தொட்டி, ஒட்டுபால் போட்டு வைத்த பழைய வாளி எல்லாவற்றிலும் நீரைக் கொட்டுங்கள். ஊடே கைதச்சக்கை (அன்னாசி) நட்டிருந்தால் அதன் இலைக்கணுவிலும் தண்ணீர் நிற்கும். அதை ஒன்றும் செய்ய முடியாது, தள்ளிக் கட்டுங்கள். ஏடிஸ் அதிக தூரம் பறக்காத கொசு. சுற்றிலும் நூறு மீட்டர் தூரத்துக்குச் சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

இந்தக் கொசுவுக்கு நேரம் உண்டு. பகலில் கடிக்கும், பொழுது சாயும்போதும் விடிந்த கையோடும் வெறி பிடித்துக் கடிக்கும். ராத்திரிக்குக் கியூலெக்ஸ், அனாஃபிலிஸ் என்று வேறு ஆட்கள் வருகிறார்கள். ஆக, ஹாமக் கட்டுகிறேன், அடுப்பு மூட்டுகிறேன் என்று நீங்கள் அரைக்கால் சட்டையோடு நடமாடும் ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரைதான் அதிகக் கடி வாங்குவீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே, நாலு மணிக்குள், கட்டி முடித்துவிடுங்கள். ஐந்து மணிக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, சாக்ஸ். நிறம் வெளிறியதாக, தொளதொளவென்று இருக்கட்டும்.

தோலில் தடவும் மருந்தைத் துணி மறைக்காத இடங்களில் மட்டும் தடவுங்கள். சட்டைக்குள் முதுகில் தடவக் கூடாது. டீட் கலந்ததாக இருந்தால் 20 முதல் 30 சதவீதம் போதும், பையனுக்கு நீங்களே தடவிவிடுங்கள், அவன் கையில் வேண்டாம். கை கண்ணுக்குப் போகும். டீட் பிளாஸ்டிக்கை உருக்கும், மூக்குக்கண்ணாடி, வாட்ச் கவனம். ஹாமக்கின் அடித்துணியில் தெளிக்கப் பெர்மெத்ரின் என்று ஒரு மருந்து இருக்கிறது. துணிக்கென்றே 0.5 சதவீதத்தில் தயாரித்தது கிடைத்தால் தெளித்து, நன்றாகக் காயவிட்டுப் பயன்படுத்தலாம். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உரக்கடையில் வாழைக்கும் காய்கறிக்கும் வாங்குகிற பூச்சிமருந்தைக் கலக்கி அடிக்கும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். ஒருவர் அப்படிச் செய்துவிட்டு என்னிடம் பெருமையாகச் சொன்னார். ராத்திரி முழுக்க அதில் முகத்தை வைத்து மூச்சு விடப்போவது கொசு இல்லை, நீங்கள்.

கதம்பல் (தேங்காய் மட்டை) புகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மச்சினன் கேட்பார். பொங்கல் சமயத்தில் ரப்பர் இலை உதிரும் காலம். காலடியில் ஒரு சாண் காய்ந்த சருகு. ஒரு பொறி போதும், தோட்டம் போய்விடும். நைலானும் கொசுவலையும் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். கொசுவர்த்தியையும் ஹாமக்குக்கு அடியில் வைக்காதீர்கள்; திறந்த வெளியில் அதனால் பெரிய பலனும் இல்லை. புகை போட்டே தீருவேன் என்றால் சருகை மண் தெரியக் கூட்டி, பழைய சட்டியில் போட்டு, சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் வைத்து, படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். இலை உதிர்ந்த மரத்தடியில் பனி நேராக மேலே இறங்கும், அதற்கு டார்பாலின் ஒன்று மேலே வேண்டும். பக்கங்களை இழுத்து மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும். கொஞ்சம் காற்று வீசும் மேடாகப் பார்த்துக் கட்டினால் பாதிக் கொசு குறையும். அதற்காக ஆரல்வாய்மொழிக் காற்றைத் தேடிப் போகக் கூடாது. ஆடி மாதத்தில் அங்கே கட்டிப் பார்த்திருக்கிறேன். கொசு இல்லை, தூக்கமும் இல்லை.

எறும்பு. அதற்கு உங்கள் பட்டை ஒரு பாலம். கட்டும் முன் மரத்தை ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். இலையைச் சேர்த்துத் தைத்த கூடு மேலே தெரிந்தால் அது முசிறு. மா, பலா, கொல்லா (முந்திரி) மரங்களில் அதிகம். அந்த மரத்தை விட்டுவிடுங்கள், அதனோடு சமாதானம் பேச முடியாது. மற்ற எறும்புகளுக்கு, பட்டையும் ஹாமக்கும் சேரும் இரும்புக் கொக்கியில் வாசலினைக் கெட்டியாகப் பூசுங்கள். அதற்கு முன்னால் பட்டையில் ஒரு துணிக்கிழிசலை வேப்பெண்ணெயில் தோய்த்துச் சுற்றிவிடுங்கள். அந்தத் துணியின் நுனி கீழே தொங்கினால் மழைத்தண்ணீரும் அதன் வழியே சொட்டிவிடும், படுக்கைக்கு வராது. டார்பாலின் கயிறும், தரையில் புரளும் வலை நுனியும் எறும்புக்கு வேறு பாலங்கள், மறந்துவிடாதீர்கள். பையன் ஹாமக்கில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றுவிட்டுத் தோலைக் கீழே போட்டால் நான் சொன்ன எதுவும் வேலை செய்யாது.

பொங்கலுக்குப் போவதால் ஒரு தொல்லை தப்பியது. ஏப்ரல் கோடை மழைக்குப் போனால் சருகுக்குள் இருந்து கறுப்பு வண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்பும், கேரளத்தில் முப்ளி வண்டு என்பார்கள். கடிக்காது. ஆனால் நசுக்கினால் அதன் நீர் பட்ட இடம் பொத்துப்போகும். வெளிச்சத்தைத் தேடி வரும் ஜீவன் அது. எந்த மாதமானாலும் வெள்ளை விளக்கைப் படுக்கையை விட்டுப் பத்தடி தள்ளித் தொங்கவிட்டு, பக்கத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பையனுக்குத் தனி ஹாமக். உங்களோடு சேர்த்துப் படுக்க வைக்காதீர்கள், ஒருவர் மேல் ஒருவர் உருண்டு இரண்டு பேருக்கும் தூக்கம் இருக்காது. உங்கள் கை எட்டும் தூரத்தில், ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் கட்டுங்கள். அவன் படுக்கும் இடத்தில் தொங்கும் கயிற்று நுனி எதுவும் இருக்கக் கூடாது. வலையின் ஜிப்பை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு திறக்க வீட்டிலேயே பத்துத் தடவை பழக்குங்கள்.

ராத்திரி கீழே இறங்குவது ஒன்றுதான் இந்த இரவில் உண்மையான ஆபத்து. செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள், அதைத் தரையில் விடாமல் பட்டையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். டார்ச் மேல்கயிற்றில். வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் ஒரு காலையும் கீழே வைக்காதீர்கள். ரப்பர் சருகு நிறத்திலேயே ஒரு சின்ன விரியன், கூம்பிய மூக்கு உள்ளது, மலையோரத் தோட்டங்களில் உண்டு. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்குத்தான் தயாரிக்கப்படுகிறது, இதற்குச் சரியாக வேலை செய்யாது. அதனால் படுக்கையைச் சுற்றி ஆறடிக்குச் சருகைக் கூட்டிவிடுங்கள். எது கடித்தாலும் கட்டுப்போட்டு இறுக்காமல், அறுக்காமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தரையில் பாய் விரித்துப் படுப்பதைவிட ஹாமக் ஒரு விதத்தில் நல்லது. புல்லிலும் சருகிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிகளிடமிருந்து உங்களைத் தூக்கிவைக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அவற்றின் கடியால் வருவது. ஆனால் சாயங்காலம் புல்லில் சட்டையைக் கழற்றிப் போட்டு, அதையே மாட்டிக்கொண்டு படுத்தால் அந்த நன்மை போச்சு. மாற்றுத்துணி பைக்குள் இருக்கட்டும். காலையில் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், சிகரெட்டால் சுட்டது மாதிரிக் கறுப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று தேடிவிட்டு, தோட்டத்தில் படுத்திருந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உரிய மருந்தை நேரத்தோடு கொடுத்தால் சீக்கிரம் கேட்கும் நோய் அது. டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை வீட்டு முற்றத்திலேயே எல்லாவற்றையும் கட்டி, வலைக்குள் நுழைந்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். எந்த நாடா குட்டை, எந்த ஓரம் திறந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சரியில்லை என்றால் பத்தடியில் கட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சிரட்டை கவிழ்க்கப் போகும்போதே பால்வெட்டுகிற அண்ணனிடம் தேதியையும் எந்த மரம் என்பதையும் சொல்லிவிடுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு நெற்றி விளக்கும் கத்தியுமாக அவர் வரிசை வரிசையாக வருவார். இரண்டு மரத்துக்கு நடுவே வெள்ளை வலைக்குள் எதுவோ நீளமாகத் தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருப்பதை முன்னறிவிப்பு இல்லாமல் அவர் பார்த்தால், அதற்கப்புறம் உங்கள் தோட்டத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கும்.